முற்றுருவகப் புனைகதையில் அதிகாரமும் மொழியும்: 'விலங்குப் பண்ணை' எழுப்பும் சில மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

1. முன்னுரை

கதையின் மேற்பொருளும் உட்பொருளும் தொடக்கம் முதல் இறுதிவரை இணையாகச் செல்லும் ஆக்கத்தை முற்றுருவகம் என்பர். தமிழில் இவ்வகைக்கு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) அறியப்பட்ட சான்றாகும். அதன் உட்பொருள் சமயம். அரசியலை உட்பொருளாகக் கொண்ட முற்றுருவகங்களுள் முதன்மையானது, 1945 ஆகஸ்டு மாதம் இலண்டனில் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை'. 1917ஆம் ஆண்டு ரஷ்யப் புரட்சியும் அதன் பின்னர் நேர்ந்த அதிகாரக் குவிப்பும் இதன் உட்பொருள். நெப்போலியன் என்னும் பன்றியில் ஸ்டாலினையும், ஸ்னோபால் என்னும் பன்றியில் டிராட்ஸ்கியையும் திறனாய்வாளர் காண்பர்.

இன்றைய பிகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்த ஆர்வெல், 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறையில் பணியாற்றியவர். உக்ரேனிய மொழிபெயர்ப்பிற்கு 1947இல் எழுதிய முன்னுரையில் இக்கதையின் கருவைக் குறிப்பிடுகிறார். ஒரு சிறுவன் பெரிய வண்டிக் குதிரையைச் சவுக்கால் அடித்து ஓட்டிச் செல்வதைக் கண்டபோது, விலங்குகள் தம் வலிமையை உணர்ந்தால் மனிதனால் அவற்றை அடக்க இயலாதென்றும், செல்வர் உழைப்பாளரைச் சுரண்டுவது போலவே மனிதர் விலங்குகளைச் சுரண்டுகின்றனர் என்றும் அவருக்குத் தோன்றியது.

அதிகாரமும் ஊழலும் வர்க்கமும் இக்கதையில் எவ்வெம்மொழிக்கூறுகள் வழியாக வெளிப்படுகின்றன, அவற்றைத் தமிழாக்கும்போது எழும் சிக்கல்கள் யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்பிட்ட எந்த மொழிபெயர்ப்பையும் மதிப்பிடுவது நோக்கமன்று.

2. எழுத்தறிவும் வர்க்கமும்

பண்ணையில் முதல் ஊழல் பாலிலும் ஆப்பிளிலும் தொடங்குகிறது. அவை பன்றிகளுக்கே ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் இவ்வூழல் நிலைபெறுவதற்கான அடிப்படை எழுத்தறிவின் ஏற்றத்தாழ்வில் உள்ளது. பன்றிகள் நன்கு படிக்கவும் எழுதவும் வல்லவை. நாய்கள் படிக்கக் கற்றும் கட்டளைகளைத் தவிர வேறெதிலும் நாட்டம் கொள்வதில்லை. பெஞ்சமின் என்னும் கழுதை பன்றிகளுக்கு நிகராகப் படிக்க வல்லதாயினும் அத்திறனைப் பயன்படுத்துவதில்லை. குளோவர் என்னும் பெண்குதிரைக்கு எழுத்துகள் தெரியும். சொற்களாகக் கூட்டத் தெரியாது. பாக்சர் என்னும் உழைப்பாளிக் குதிரை நான்காம் எழுத்தைத் தாண்டவில்லை.

பண்ணையின் சட்டமோ சுவரில் எழுதப்பட்ட ஏழு கட்டளைகள். ஐயம் எழும்போது குளோவர் தன் நினைவை நம்ப இயலாமல், மியூரியல் என்னும் ஆட்டினைப் படித்துக் காட்டுமாறு வேண்டுகிறது. ஒருபுறம் நினைவு, மறுபுறம் எழுத்து. எழுத்தைக் கையில் வைத்திருப்பவரே நினைவையும் ஆள்கின்றனர். பாக்சரை ஏற்றிச் செல்லும் வண்டியில் உள்ள எழுத்துகளைப் பெஞ்சமின் உரக்கப் படிக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. படிக்கத் தெரிந்தும் பேசாதிருப்பதன் விலை அவ்விடத்தில் வெளிப்படுகிறது.

3. கட்டளைகளின் திருத்தம்

கட்டிலில் உறங்குதல், பிற விலங்கைக் கொல்லுதல், மது அருந்துதல் ஆகிய மூன்றையும் தடுக்கும் கட்டளைகள் பின்னர்த் திருத்தப்படுகின்றன. விரிப்புள்ள கட்டில், காரணமின்றிக் கொல்லுதல், அளவுக்கு மீறி அருந்துதல் என அடை சேர்கிறது. பொருண்மையியல் நோக்கில் இதன் இயக்கம் எளியது. தடையின் பொருளுக்கு அடை சேருந்தோறும் தடைக்குட்பட்டவற்றின் தொகுதி சுருங்குகிறது. எஞ்சியவை யாவும் இசைவு பெறுகின்றன. சட்டத்தின் சொற்கள் பெருக, அதன் ஆட்சி சுருங்குகிறது.

ஆங்கிலத்தில் இவ்வடைகள் மூன்றும் வாக்கியத்தின் இறுதியில் இரண்டிரண்டு சொற்களாக இணைகின்றன. பழைய வாக்கியம் சுவரில் அப்படியே நிற்க, அதன் வாலில் புதியது ஒட்டிக்கொள்கிறது. தமிழில் அடை முன்னரும் வினைமுற்று இறுதியிலும் வருதலே இயல்பாதலின், திருத்தம் வாக்கியத்தின் நடுவில் நுழைய வேண்டியுள்ளது. அடையை வினைமுற்றுக்குப் பின்னர் அமைத்தால் திருத்தப்பட்ட இடம் காக்கப்படும். ஆனால் அத்தொடர் செயற்கையாகத் தோன்றி மோசடியை முன்னரே காட்டிக்கொடுத்துவிடும். அடையை இயல்பான இடத்தில் அமைத்தால் ஒட்டின் தடயம் மறையும். பின்னதே ஏற்புடையது என்பது என் கருத்து. தொடக்கம் முதலே அவ்வாறுதான் இருந்தது என விலங்குகள் நம்புவதே கதையின் மையமாதலின், திருத்தப்பட்ட தொடர் ஐயத்திற்கிடமின்றி இயல்பாக ஒலித்தல் வேண்டும்.

ஏழு கட்டளைகளும் அழிந்தபின் எஞ்சும் இறுதிக் கட்டளை, சமம் என்னும் கருத்திற்கே ஒப்பீட்டு அளவு கற்பிக்கிறது. அளவு ஏற்காத சொல்லை அளவுச் சொல்லோடு புணர்த்தும் இம்முரணைச் சிலவற்றை 'உயர்ந்தவை' எனத் திருத்தித் தருவது பிழையாகும். உயர்வு என்று வெளிப்படையாகக் கூறுவது வர்க்கத்தின் நேர்மையான ஒப்புதல் ஆகிவிடும். சமம் என்னும் சொல்லைக் கைவிடாமலே அதன் பொருளைக் கைவிடுவதில்தான் அக்கட்டளையின் வஞ்சகம் உள்ளது.

4. நாமும் நாங்களும்

ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை, கேட்போரை உளப்படுத்துவதையும் விலக்குவதையும் வேறுபடுத்துவதில்லை. தமிழ் வேறுபடுத்துகிறது. முதுபன்றியான மேஜரின் உரைக்கு 'நாம்' தவிர வேறு பொருந்தாது. பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் உண்பதற்கு ஸ்குயிலர் நியாயம் கூறும் இடத்தில் 'நாங்கள்' வந்தே தீரும்; மூளையால் உழைப்போர் எனத் தம் இனத்தைத் தனித்துக் காட்டுமிடம் அது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மறைந்து நிகழும் வர்க்கப் பிரிவினை தமிழில் வெளிப்பட்டு நிற்கிறது. இது மொழிபெயர்ப்பாளர் சேர்ப்பதன்று. தமிழ் இலக்கணம் கேட்கும் விடை. ஆயினும் உணவுப் பங்கீட்டின் 'குறைப்பை' ஸ்குயிலர் 'சீரமைப்பு' என அழைப்பது போன்ற பொதுமைப் பேச்சுகளில் 'நாம்' மீண்டும் வருதல் பொருந்தும். இழப்பைப் பகிரும்போது 'நாம்', பயனைப் பெறும்போது 'நாங்கள்' என்னும் ஒழுங்கினைக் கவனமுடைய வாசகர் உணர்வர்.

5. திணையும் மரியாதையும்

மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் பகுக்கிறது. அஃறிணைப் பொருள்களைப் பேசுவன போலவும் கேட்பன போலவும் கூறலாம் என நன்னூல் இசைகிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகியவற்றால் திணை மயங்குதலையும் ஏற்கிறது. எனவே நெப்போலியனை 'அவர்' எனலாமா என்னும் வினாவிற்கு இலக்கணத் தடை இல்லை. தடை கதையின் அமைப்பில் உள்ளது.

ஆங்கிலத்தில் கதைசொல்லி நெப்போலியனையும் பாக்சரையும் ஒரே சுட்டுப்பெயரால் குறிப்பார். பண்ணை இழந்த சமத்துவம் கதைசொல்லியின் இலக்கணத்தில் எஞ்சியிருக்கிறது. தமிழில் பன்றிக்கு 'அவர்' என்றும் குதிரைக்கு 'அது' என்றும் கதைசொல்லியே கூறினால், அவரும் ஸ்குயிலரின் அணியில் சேர்ந்துவிடுகிறார். ஆகவே கதைக்கூற்றில் எல்லா விலங்குகளுக்கும் இறுதிவரை அஃறிணை முடிபே பொருந்தும். நெப்போலியனுக்குப் பட்டங்கள் சூட்டப்படும் காலம் தொட்டு, விலங்குகளின் உரையாடலில் மட்டும் 'அவர்' புகலாம். 'தோழர்' என்னும் விளியை நெப்போலியன் இறுதியில் ஒழிக்கும்போது அம்மாற்றம் நிறைவுறும்.

இவ்வொழுங்கினால் மற்றொரு பயனும் உண்டு. சாளரத்திற்கு வெளியே நிற்கும் விலங்குகளுக்குப் பன்றியும் மனிதனும் வேறுபடாமற்போகும் இறுதிக்காட்சியில், அதுவரை காக்கப்பட்ட திணை வேறுபாடு முதன்முறையாகக் குலையலாம். அது பன்றியின் உயர்வா, மனிதனின் இழிப்பா என்பதை நன்னூலின் இரு காரணங்களும் வாசகரிடமே விட்டுவிடுகின்றன.

6. முடிவுரை

ஆர்வெல் இந்நூலுக்குத் 'தேவதைக் கதை' எனத் துணைத்தலைப்பு இட்டார். 1946இன் அமெரிக்கப் பதிப்பு அதனை நீக்கியது; அவர் வாழ்நாளில் வந்த மொழிபெயர்ப்புகளுள் தெலுங்கு மட்டுமே அதனைத் தக்கவைத்தது என்பர். விலங்குகள் பேசும் கதைமரபு தொன்றுதொட்டு வழங்கும் நம் மொழிகளில் அவ்வடையாளம் இடர் தருவதில்லை. இடர் வேறிடத்தில் உள்ளது. மரியாதைப் பன்மையும் திணையும் உளப்பாட்டுப் பன்மையும் உடைய மொழியில், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வினைமுற்றிலும் அதிகாரத்தின் பக்கமோ உழைப்பின் பக்கமோ சாய நேர்கிறது. அச்சாய்வினை அறிந்து செய்தல் வேண்டும். அறியாது செய்தால், சுவரில் இரவில் எழுதிய கையோடு நம் கையும் சேர்ந்துவிடும்.