வயது இல்லை, உயரம்தான் கணக்கு: பிள்ளைகள் ரோலர் கோஸ்டரில் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரக் குடும்பங்கள் கேளிக்கைப் பூங்காக்களுக்குக் கிளம்புவது வழக்கம். வேன் ஒன்றைப் பிடித்து, மாமா, அத்தை பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, மாதக் கணக்கில் எடுத்துவைத்த பணத்தில் போகும் பயணம் அது. எந்தப் பூங்காவாக இருந்தாலும் ஒரு காட்சி மட்டும் மாறுவதில்லை. வெயிலில் அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, வாசலில் இருக்கும் பணியாளர் அளவுகோலைக் காட்டுவார். அண்ணன் போகலாம், தம்பிக்கு உயரம் போதாது. அதோடு அழுகை ஆரம்பம். "ஏழு வயசு முடிஞ்சிருச்சு" என்று அப்பா எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை.

அந்தக் கோடு ஏன் வயதைப் பார்ப்பதில்லை? பதில் இருக்கையில் இருக்கிறது.

ரோலர் கோஸ்டர் பெட்டிக்கு எஞ்சின் கிடையாது. சங்கிலி ஒன்று அதை மேட்டின் உச்சிவரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். ஏறும்போது கேட்கும் 'கட கட' சத்தம் பலரைப் பயமுறுத்தும். உண்மையில் அது பாதுகாப்புக்கான சத்தம். சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் உருளாதபடி, அடியில் உள்ள கொக்கி ஒவ்வொரு பல்லாகப் பிடித்துக்கொண்டு போகிறது. உச்சியைத் தாண்டியபின் மீதிப் பயணம் முழுவதும் ஈர்ப்பு விசையின் வேலை. சிறுவர்களுக்கான சிலவற்றில் சங்கிலிக்குப் பதிலாக, பாதையோரம் சுழலும் ரப்பர் சக்கரங்கள் பெட்டியைத் தள்ளிவிடும்.

மேட்டைத் தாண்டும் கணத்தில் பெட்டி கீழே இறங்கத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பவரின் உடலோ மேலேயே போகப் பார்க்கும். வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதுபோல் இருப்பது இதனால்தான். அந்த நேரத்தில் உடலை இருக்கையோடு பிடித்து வைப்பது மடிமேல் இறங்கும் கம்பி. பிள்ளையின் தொடையில் அது சரியாக உட்கார வேண்டும். முதுகு இருக்கையின் பின்புறத்தைத் தொட வேண்டும், கை பிடிக்கு எட்ட வேண்டும். இவை அனைத்தும் உடலின் அளவைப் பொறுத்தவை. பிறந்த நாள் சான்றிதழைக் கம்பி படிப்பதில்லை.

ஆகவே கோடு பிள்ளையின் தைரியத்தைச் சோதிப்பதற்காகப் போட்டதல்ல. தடித்த அடி உள்ள சப்பாத்தைப் போட்டு, தலைமுடியைத் தூக்கிக் கட்டி இரண்டு சென்டிமீட்டர் 'சம்பாதிப்பது' கெட்டிக்காரத்தனம்போல் தெரியலாம். கோட்டைத் தாண்டலாம், இருக்கையில் உட்காரும்போது உடல் அதே உடல்தான்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். சில பழைய பெட்டிகளில் இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பிதான் இருக்கும். அது பெரியவரின் வயிற்றில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். புதிய வகைகளில் ஆளுக்கொரு கம்பி வைப்பது இதற்காகத்தான். வளைவுகளில் பெரியவரின் உடல் பிள்ளைமேல் சாயக்கூடும். எனவே யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று பணியாளர் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. எக்காரணத்தைக் கொண்டும் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த விளையாட்டின் வரலாறு நீளமானது. 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்க்கஸ் தாம்சன் ஓடவிட்ட பாதை மரத்தாலானது. வேகம் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர், கட்டணம் 5 காசு. எஃகுக் குழாயை வளைத்துப் பாதை போடும் முறை 1959-இல் கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் மூலம் வந்தது. குழாயை எப்படி வேண்டுமானாலும் துல்லியமாக வளைக்கலாம். சக்கரங்கள் மேலும் பக்கவாட்டிலும் அடியிலுமாகக் குழாயைக் கவ்விக்கொள்வதால் பெட்டி தடம் விட்டு எழும்ப முடியாது. மென்மையான, சின்னப் பிள்ளைகள் தாங்கக்கூடிய பாதைகளும் அதன்பிறகு சாத்தியமாயின. புளோரிடா டிஸ்னி வேர்ல்டில் 1996-இல் திறக்கப்பட்ட பார்ன்ஸ்டார்மர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயரம் 9 மீட்டர், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், பயணம் ஒரு நிமிடம். 89 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை அதில் ஏறலாம். மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அந்த உயரத்தை எட்டியிருப்பார்கள்.

நம் நாட்டில் பெரியவர்களின் நினைவில் நிற்பது கெந்திங் மலையின் பழைய வெளிப்புறப் பூங்கா. தலைகீழாகச் சுற்றிய கார்க்ஸ்க்ரூவில் ஏறியதைச் சொல்லிப் பெருமைப்படும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அந்தப் பூங்கா 2013 செப்டம்பரில் மூடப்பட்டது. அதே இடத்தில் எழுந்த கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் 2022 பிப்ரவரியில் திறந்தது. ஜொகூரில் 2012-இல் திறந்த லெகோலேண்ட் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. அங்கே 'டிராகன்' பெரியது, 'டிராகன்ஸ் அப்ரெண்டிஸ்' சின்னப் பிள்ளைகளுக்கானது. அண்ணன் ஒன்றில், தம்பி மற்றொன்றில். யாருக்கும் ஏமாற்றமில்லை.

கோலாலம்பூர் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் பேரங்காடிக்குள் ஓடும் சூப்பர்சோனிக் ஒடிசி தலைகீழாகச் சுற்றுவது, சின்னப் பிள்ளைகளுக்கானதல்ல. ஆனால் அதே பூங்காவில் சிறுவர்களுக்கென்று தனித்தளம் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து மோனோரயில் ஏறினால் இம்பி நிலையத்தில் இறங்கி நேராக உள்ளே போய்விடலாம். பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் அமைந்த சன்வே லகூனுக்குக் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் செத்தியா ஜெயா வந்து, அங்கிருந்து பிஆர்டி பேருந்தில் போகலாம். வேன் வாடகை மிச்சம்.

டிக்கெட் வாங்கும் முன் வீட்டிலேயே, சப்பாத்து இல்லாமல், சுவரோரம் நிற்க வைத்துப் பிள்ளையை அளந்துவிடலாம். பிறகு பூங்காவின் இணையத்தளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் போட்டிருக்கும் உயரத்தைப் பார்த்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட்டால் வாசலில் அழுகை இருக்காது. சில பூங்காக்கள் உயரத்தை வைத்தே டிக்கெட் விலையையும் பிரிக்கின்றன.

தீபாவளி, தைப்பூச நேரங்களில் திடல்களில் முளைக்கும் பன்ஃபேர்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. இரண்டு நாளில் பூட்டி, இரண்டு வாரத்தில் கழற்றும் தடம் அது. ஊராட்சி மன்றத்தின் உரிமம் எங்கே என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கம்பி பூட்டியதா என்று ஒவ்வொரு இருக்கையையும் கையால் இழுத்துப் பார்க்காமல் ஓட்டுபவர் பொத்தானை அமுக்கினால், பிள்ளையை வேறு ராட்டினத்துக்குக் கூட்டிப் போய்விடலாம்.

நேரத்தையும் கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல நாட்கள் மாலையில் இடியும் மழையும்தான். மின்னல் தெரிந்ததும் வெளிப்புற ரோலர் கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள். பிள்ளை அதற்காகவே வந்திருந்தால், கதவு திறந்ததும் முதலில் அங்கே போய்விட்டு, தண்ணீர் விளையாட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.