கதவைத் தூக்கும் காற்று



எங்க மாமா வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போவார். பழைய வேன். பின்கதவைத் தூக்கினால் நிற்காது, தொப்புன்னு விழும். அதனால் ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் மூட்டை இறக்குவாங்க. "அதான் கட்டை இருக்குல்ல" என்று ஒரு வருஷம் ஓட்டியாச்சு. போன ஆவணியில் கட்டை வழுக்கி, கதவு என் பெரியம்மா கை மேல் விழுந்தது. மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. நடவு நேரத்தில் கூலி போச்சு.

அதுக்கப்புறம்தான் மாமா புது 'கேஸ் ஷாக்' வாங்கி வந்தார். நானும் கூட இருந்து மாட்டினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கேஸ் ஷாக் என்றால் என்ன?

பார்க்க சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். ஒரு குழாய், அதற்குள் போய் வரும் ஒரு கம்பி. கார் டிக்கியிலும், சில பெரிய கார்களின் பானெட்டிலும் இதுதான் இருக்கிறது. (நிறைய கார்களில் பானெட்டுக்கு வெறும் முட்டுக் கம்பிதான்.) குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே! அது எண்ணெயோடு சேர்ந்து தீப்பிடிக்காது, இரும்பைத் துருப்பிடிக்க வைக்காது. கொஞ்சம் எண்ணெயும் உள்ளே இருக்கும்.

கம்பியின் முனையில் உள்ள பிஸ்டனில் சின்ன ஓட்டை உண்டு. அதனால் பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். அப்புறம் எப்படி கம்பி வெளியே தள்ளப்படுகிறது? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. ஒரு பக்கத்தில் கம்பி இடத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே பரப்பு குறைவு. அழுத்தம் ஒன்றாக இருந்தாலும் பரப்பு அதிகமுள்ள பக்கமே ஜெயிக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். எங்கள் ஷாக்கின் மேல் 300 நியூட்டன் என்று போட்டிருந்தது. அதாவது சுமார் 30 கிலோ எடையைத் தாங்கும் விசை. கம்பியின் விட்டம் 8 மில்லிமீட்டர். பரப்பு சுமார் அரை சதுர சென்டிமீட்டர். அப்படியென்றால் உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு! கார் டயரில் இருப்பது சுமார் 2 மடங்குதான்.

வருஷம் ஆக ஆக ரப்பர் சீல் தேய்ந்து வாயு கசியும். கம்பியில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் ஷாக் போயிடுச்சுன்னு அர்த்தம். குளிரில் வாயு அழுத்தம் குறையும். அதனால்தான் பழைய ஷாக் மார்கழிக் காலையில் இன்னும் மோசமாக இருக்கும்.

மாற்றும் முறை

1. பழையதன் நீளம், அதன் மேல் உள்ள எண் இரண்டையும் பார்த்து அதே அளவு வாங்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
2. கதவுக்கு உறுதியான முட்டு வைத்து, ஒரு பெரியவரும் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாகச் செய்யவே கூடாது.
3. முனையில் உள்ள கிளிப்பைச் சின்ன திருப்புளியால் லேசாக நெம்பி இழுத்தால் கழன்று வரும். சில வண்டிகளில் நட்டு இருக்கும், ஸ்பேனர் வேண்டும்.
4. ஒரு பக்கம் புதுசு மாட்டிய பிறகே மறுபக்கம் கழற்ற வேண்டும்.
5. கதவு மூடியிருக்கும்போது கம்பி கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் இறங்கி சீலை நனைத்துக்கொண்டே இருக்கும்.
6. முதல் தடவை மெதுவாக மூடி, எங்கேயும் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மிக முக்கியம்!

பழைய ஷாக்கை அறுத்து உள்ளே பார்க்கலாம் என்று ரம்பத்தை எடுத்தேன். மாமா பிடுங்கிவிட்டார். வேலை செய்யாத ஷாக்கிலும் அழுத்தம் மிச்சம் இருக்கும். அறுக்கவோ, ஆணி அடிக்கவோ கூடாது. தம்பிமார்களே, போகி நெருப்பில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெடிக்கும்! பழைய இரும்புக் கடையில் போட்டாலும் இது கேஸ் ஷாக் என்று சொல்லிப் போடுங்கள்.

புது ஜோடியின் விலை பெரியம்மாவின் மூன்று நாள் கூலிதான். அதை மிச்சம் பிடிக்கப் போய் ஆறு வாரக் கூலி போனது. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று கட்டை கொடுத்து நிற்கிறதா? இன்றைக்கே போய்ப் பாருங்கள்.