காது கொடுங்கள், ஓர் உயிர் பிழைக்கும்



ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போகும் நம்மவர்கள் முதலில் தேடுவது சிராங்கூன் சாலையைத்தான். ஞாயிறு மாலை தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் உள்ள கடன், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம், தங்கையின் கல்யாணம் என்று ஆயிரம் கவலை இருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. நம் லயத்திலும் அப்படித்தான். காலையில் பிரட்டுக்கு வந்து நிற்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று யார் அறிவார்?

அப்படிப்பட்ட ஒருவர் ஒருநாள் நம்மிடம் வந்து, "இனி வாழ்ந்து என்ன பயன்?" என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? உடனே புத்தி சொல்ல ஆரம்பித்து விடுகிறோம். அங்கேதான் தவறுகிறோம்.

லண்டனில் பிறந்த பாடம்

இங்கிலாந்தில் சாட் வாரா என்றொரு பாதிரியார் இருந்தார். 1935இல் அவர் முதன்முதலாக நடத்திய இறுதிச் சடங்கு, தன் உயிரைத் தானே போக்கிக்கொண்ட 14 வயதுப் பெண்ணுக்கு. வயதுக்கு வந்ததைக் கொடிய நோய் என்று எண்ணிப் பயந்திருக்கிறாள் அந்தக் குழந்தை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஓர் ஆள் இல்லை!

அந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1953இல் லண்டன் தேவாலயம் ஒன்றில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, மனமுடைந்தவர்கள் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரிலும் பலர் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தொண்டூழியர்கள் தேநீர் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்த பலர் பாதிரியாரைப் பார்க்காமலே மனம் தேறித் திரும்பினார்கள். மறு ஆண்டே அந்தப் பணியைத் தொண்டூழியர்களிடம் ஒப்படைத்தார் அவர். அதுவே சமாரிட்டன்ஸ் இயக்கம்.

அந்த வழியில் 1969 டிசம்பரில் சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். என்னும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் தொடங்கியது. 1970இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் பிறந்தது. தொலைபேசியை எடுப்பவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பு, தொழிலாளர்களிலேயே சிலருக்குச் சக தொழிலாளர்களுக்குத் துணை நிற்கும் பயிற்சி கொடுத்திருக்கிறது. கட்டுமானத் தொழிலாளி கற்கக்கூடியதைத் தோட்டத் தொழிலாளியும் கற்கலாம் அல்லவா?

அவர்கள் கற்பது என்ன?

முதல் பாடம், குறுக்கே பேசாமல் கேட்பது. "இதெல்லாம் ஒரு கவலையா?", "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?" என்று சொன்னால் வந்தவர் வாயை மூடிக்கொள்வார். "சொல்லு தம்பி, என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு நாம் பொறுமையாக இருக்க வேண்டும். அழுதால் அழட்டும்.

இரண்டாவது, நேராகக் கேட்பது. "செத்துப் போகலாம் என்று நினைக்கிறாயா?" என்று கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகும் என்று பயம். அப்படி ஆகாது. மனத்தில் இருப்பதை ஒருவர் துணிந்து கேட்டாரே என்று பாரம் குறையும்.

மூன்றாவது, இரகசியம் காப்பது. கேட்டதைக் குழாயடியில் பேசினால் அடுத்த முறை யாரும் நம்மிடம் வர மாட்டார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மறைக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், நம்பகமான உறவினரை அழைத்து, மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் கைக்கு எட்டாதபடி பூட்டிவைப்பது மிக அவசியம். அந்த வேகம் பல நேரங்களில் சிறிது நேரமே இருக்கும். அது தணியும்வரை காப்பாற்றினால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

கடைசிப் பாடம், மறுநாளும் போய்ப் பார்ப்பது. "சாப்பிட்டாயா?" என்ற ஒரு சொல்லே போதும். கேட்டவருக்கும் மனம் கனக்கும். எஸ்.ஓ.எஸ். தொண்டூழியர்களுக்கே வழிகாட்ட மூத்தவர்கள் உண்டு. நாமும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

போலீசுக்குப் பயப்பட வேண்டாம்

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவு சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் இல்லை. மலேசியாவிலும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வழக்கு வருமே என்று அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்காதீர்கள்.

சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். எண் 1767. மலேசியாவில் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-76272929. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குபவை. தமிழில் பேச ஆள் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். இந்த எண்களை வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எதையும் பயமின்றிச் சொல்லக்கூடிய ஓர் ஆள் வீட்டில் இருக்கிறாரா? இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும், பத்து நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.