கைக்குள் ஒரு கிரிக்கெட் மைதானம்



இது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். விறாந்தையில் மகன் கையடக்கத் தொலைபேசியுடன் குந்தியிருக்கிறான். திடீரென்று "சிக்ஸ்!" என்று கத்துகிறான். எட்டிப் பார்த்தால் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பெரியதொரு மைதானம், நிறைந்த சனம், வர்ணனையாளரின் குரல். ஐந்து ஓவரில் உங்கள் மகன் 140 ஓட்டங்கள் எடுத்திருக்கிறான்! "எழும்பி வெளியில போய் விளையாடு" என்று ஏசிவிட்டு உள்ளே போகிறீர்கள்.

நானும் அப்படி ஏசியவன்தான். ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது, அது எவ்வளவு தூரம் உண்மையான கிரிக்கெட், எந்த இடத்தில் உண்மையை விட்டு விலகுகிறது என்று நாம் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. எங்கள் மூதூர்த் திடலில் நடுவராக நின்று நான் செய்த ஒரு பிழை என்னைப் பார்க்க வைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாமும் விளையாடியவர்கள்தாம்

நாற்பதைத் தாண்டிய வாப்பாமார் பாடசாலைக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் வராத பாடவேளையில் நாம் என்ன செய்தோம்? புத்தகக் கிரிக்கெட் விளையாடினோம்! கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறப்போம். இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம் எதுவோ அதுவே ஓட்டம். இடது பக்கத்தில் இரட்டை எண்களே வரும். 2, 4, 6 வந்தால் அத்தனை ஓட்டங்கள், 8 வந்தால் ஒரு ஓட்டம், பூச்சியம் வந்தால் ஆட்டமிழப்பு.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து தடவை திறந்தால் ஒரு தடவை ஆட்டமிழக்க இடமுண்டு. அந்தக் கணக்கில் ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 13 ஓட்டங்கள் வரும். பத்து விக்கெட்டுக்கும் 130. பழைய காலத்து ஒருநாள் போட்டி ஒன்றின் குறைந்த எண்ணிக்கைக்கு இது பொருந்தத்தான் செய்கிறது! ஆனால் புத்தகத்துக்கு முன்னால் எல்லோரும் ஒன்று. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் பெற்று, மூன்று விக்கெட்டுகளும் வீழ்த்தி, நமக்கு உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்த அரவிந்த டி சில்வாவும், கடைசி வரிசையில் துடுப்பெடுத்தாட வரும் முரளிதரனும் புத்தகத்தில் அதே 13 ஓட்டக்காரர்கள்தாம். அங்கே அதிர்ஷ்டம் இருந்தது, திறமை இல்லை.

கணினி விளையாட்டுகள் வந்து சேர்த்தது அந்தத் திறமையைத்தான். ஒவ்வொரு வீரருக்கும் துடுப்பாட்டத்துக்கு இவ்வளவு, பந்துவீச்சுக்கு இவ்வளவு என்று புள்ளிகள் கொடுத்தார்கள். விளையாடுபவன் பொத்தானை அழுத்தும் நேரம் சரியா, முந்திவிட்டதா, பிந்திவிட்டதா என்று அளந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பந்து எல்லைக்குப் போவதும் பிடியாவதும் தீர்மானமாகிறது.

அரை விநாடிப் பிரச்சினை

இந்த இடத்தில்தான் ஆட்டத்தைச் செய்பவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் வருகிறது. ஆடுகளத்தின் நீளம் 22 யார், அதாவது 20 மீற்றர் சொச்சம். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து வீரரைச் சென்றடைய ஏறத்தாழ அரை விநாடிதான் எடுக்கும். அந்த அரை விநாடிக்குள் பந்து எங்கே விழும் என்று கண்டு, காலை நகர்த்தி, துடுப்பை வீச வேண்டும். பல வருடப் பயிற்சி உள்ளவருக்கே இது கடினம் என்றால், விறாந்தையில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி முடியும்? உள்ளது உள்ளபடி செய்தால் பிள்ளை மூன்று பந்தில் ஆட்டமிழந்து விளையாட்டையே விட்டுவிடுவான்.

அதனால் ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒரு சலுகை கொடுத்தார்கள். பந்து வீசப்படுமுன்பே அது விழப்போகும் இடத்தில் ஒரு வட்டத்தைக் காட்டினார்கள். பல ஆட்டங்களில் இந்த வழக்கம் இருந்தது. உண்மை மைதானத்தில் எந்தப் பந்துவீச்சாளர் "தம்பி, நான் இந்த இடத்தில்தான் போடப்போகிறேன்" என்று அடையாளம் வைத்துவிட்டு ஓடிவருவார்? படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஒரு வட்டம் இருக்கும் வரைக்கும் அது பாதிக் கிரிக்கெட்தான்.

2006ஆம் ஆண்டின் கடைசியில் ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'கிரிக்கெட் 07' இன்றும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு குச்சியால் காலையும் மறு குச்சியால் துடுப்பையும் இயக்கும் முறை அதில் இருந்தது. ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் வர்ணனை செய்தார்கள். அனுமதி கிடைக்காத அணிகளின் வீரர்களுக்கு மாற்றுப் பெயர்கள் வைத்திருந்தார்கள். பெயர் பொய்யானால் விளையாட்டும் பொய்போல் தோன்றும் அல்லவா? இரசிகர்கள் தாங்களே உட்கார்ந்து உண்மைப் பெயர்களையும் புதிய சீருடைகளையும் செய்து சேர்த்தார்கள். அந்த நிறுவனம் அதன்பின் கிரிக்கெட் ஆட்டம் வெளியிடாவிட்டாலும், பல ஆண்டுகள் அது உயிரோடிருந்தது இரசிகர்களின் அந்த உழைப்பினால்தான்.

2014இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலுள்ள பிக் ஆண்ட் நிறுவனம் 'டொன் பிராட்மன் கிரிக்கெட் 14' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. துடுப்பாட்ட வீரருக்கு வட்டத்தைக் காட்டாமல் விட்டார்கள். பந்து கையிலிருந்து வெளியேறும்போது பார்த்துத்தான் அடிக்க வேண்டும். முதலில் பலர் திணறினார்கள். பிறகு, நல்ல பந்தை விட்டுவிடுவதும் ஒரு திறமை என்று கண்டார்கள். சந்தேகம் வந்த இடத்தில்தான் கிரிக்கெட்டும் வந்தது.

நம் பிள்ளைகள் போனில் விளையாடும் ஆட்டங்களில் பெயர்பெற்ற ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது என்பதை அறிவீர்களா? 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' என்ற அந்த வரிசையைச் செய்வது சென்னையிலுள்ள நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா. 2015இல் அதன் இரண்டாவது ஆட்டமும் 2020இல் மூன்றாவதும் வந்தன. காய்ந்த ஆடுகளம், புல் ஆடுகளம் என்று களத்துக்கேற்பப் பந்து மாறுகிறது. மழை வந்து ஆட்டம் குழம்புகிறது. துடுப்பில் பந்து பட்டதா என்று பார்க்கும் 'அல்ட்ரா எட்ஜ்' கூட அதில் உண்டு. மூன்றாவது ஆட்டத்துக்கு உண்மையான ஆட்களை ஓடவும் அடிக்கவும் வைத்து அவர்களுடைய அசைவுகளைப் பதிவுசெய்து பயன்படுத்தினார்கள்.

நம்ப முடியாதது எது?

"ஒரு ஓவரில் ஆறு சிக்ஸ் அடித்தேன் வாப்பா" என்று பிள்ளை சொன்னால் சிரிக்கிறோம். 2021 மார்ச்சில் அன்ரிகுவாவில் என்ன நடந்தது? நமது அகில தனஞ்சய மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே ஆட்டத்தில் அவருடைய ஒரே ஓவரில் கீரன் பொலார்ட் ஆறு சிக்ஸர்கள் அடித்தார். ஆக, ஆறு சிக்ஸ் நடக்கக் கூடாத ஒன்றல்ல. மைதானத்தில் அது மிக அரிது. போனில் இலகு நிலையில் வைத்து விளையாடும் பிள்ளைக்கு அது தினமும் நடக்கிறது. அரியது தினமும் நடந்தால் அதற்கு மதிப்பேது?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. திரை ஆட்டத்தில் உள்ள அடிகள் அனைத்தும் எங்கோ ஒரு அறையில் இருந்து ஒருவர் எழுதி வைத்தவை. எழுதாத அடியை உங்கள் மகன் அடிக்க முடியாது. 2009 இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டிகளில் நமது டில்ஷான் ஒற்றைக் காலில் குனிந்து, வேகப்பந்தை விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலால் தூக்கிவிட்ட அடி நினைவிருக்கிறதா? உலகமே அதற்கு அவர் பெயரை வைத்தது. அப்படியொரு அடி மைதானத்திலிருந்துதான் திரைக்குப் போகும். திரையில் அது பிறக்காது.

'கிரிக்கெட் 07' வெளிவந்த அந்த 2006ஐ மூதூர் மறக்காது. அவ்வருடம் ஆகஸ்டில் நாங்கள் ஊரை விட்டுக் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தோம். முகாமில் பெரியவர்கள் செய்வதறியாது இருந்தபோது, பிள்ளைகள் தென்னை மட்டையைச் செதுக்கித் துணிப்பந்து கட்டினார்கள். கூடாரத்தில் பட்டால் ஆட்டமிழப்பு, தண்ணீர்த் தாங்கியைத் தாண்டினால் நான்கு என்று தாங்களே சட்டமும் போட்டார்கள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் செய்த பிழை

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். கச்சான் காற்று வீசும் காலம். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் இரண்டு தெருப் பிள்ளைகளுக்கிடையில் மென்பந்துப் போட்டி. நான் நடுவர். எப்போதும் போனும் கையுமாகத் திரிவதால் 'போன்காரன்' என்று பட்டம் வாங்கிய என் மாணவன் ஒருவன் துடுப்பெடுத்தாடினான். வயது பதினான்கு. பந்து துடுப்பைக் கடந்து விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. 'டொக்' என்று ஒரு சத்தம். எல்லோரும் கத்தினார்கள். நான் விரலை உயர்த்தினேன்.

"மௌலவி, படல்ல. பெட் நிலத்தில முட்டின சத்தம் அது."

"போ, போ. இது போன் இல்ல, திருப்பிப் போட்டுப் பார்க்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசாமல் போனான். அவனுடைய அணி நான்கு ஓட்டங்களால் தோற்றது.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு முடிந்ததும் அன்றைய விக்கெட் காப்பாளர் தயங்கித் தயங்கி வந்தான். "மௌலவி, அவன் சொன்னது சரி. போல் பெட்டத் தாண்டினாப் புறகுதான் சத்தம் கேட்டது. எல்லாரும் கத்தினதால நானும் கத்தினேன்" என்றான்.

எனக்குத் தலை குனிவாகிவிட்டது. காதில் கேட்டதை வைத்து மட்டும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. "போனில் கிடக்கும் பிள்ளை, வாதாடத்தான் செய்வான்" என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்றேன். அன்று மாலை போனைக் கொண்டுவந்து அந்த ஆட்டத்தைக் காட்டினான். பந்து துடுப்பைக் கடக்கும் அதே கணத்தில் கோடு எழும்பினால் ஆட்டமிழப்பு. முந்தியோ பிந்தியோ எழும்பினால் இல்லை. அவன் நூறு தடவை பார்த்துப் பழகிய காரியம். நான் ஏசிய அந்தக் கண்ணாடிதான் அவனுக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது!

ஆனால் அந்த விக்கெட் காப்பாளரைப் போல, தானாக வந்து உண்மை சொல்லும் ஒரு பிள்ளை திரைக்குள் இல்லை. 2003 உலகக் கிண்ண அரையிறுதியில், போர்ட் எலிசபெத் நகரில், அரவிந்தவின் பந்து துடுப்பில் பட்டு சங்கக்காரவின் கைக்குப் போனது. நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்றார். அடம் கில்கிறிஸ்ட் தாமாகவே வெளியேறினார். அப்படி வெளியேற ஒரு பொத்தான் நான் பார்த்த எந்த ஆட்டத்திலும் இல்லை. அங்கே பொய் சொல்ல வழியில்லை, ஆகவே உண்மை சொல்லவும் வழியில்லை.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

போனைப் பிடுங்கி எறியுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்காருங்கள். "இலகு நிலையை விட்டுக் கடின நிலையில் வைத்து விளையாடு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். 140 ஓட்டங்கள் எடுத்தவன் 20க்குள் ஆட்டமிழப்பான். அப்போதுதான் அவன் யோசிக்கத் தொடங்குவான். இலவசம் என்று இறக்கும் ஆட்டங்களில் பல, உள்ளே போனபின் காசுக்கு நாணயங்களும் துடுப்புகளும் விற்கின்றன. உங்கள் வங்கி அட்டையை அந்தப் போனில் பதிந்து வைக்காதீர்கள். முக்கியமாக, அஸர் முதல் மஃரிப் வரையுள்ள நேரத்தைத் திடலுக்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள். அங்கே கச்சான் காற்று பந்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பதைக் கைவிரலால் அறிய வேண்டும். அங்கே விழுந்தால் முழங்கால் உரியும், தோற்றால் எதிரியுடன் சேர்ந்தே வீட்டுக்கு நடக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் நடுவராக நிற்கவில்லை. அந்தப் 'போன்காரனையே' நிறுத்தினோம். முதலாவது ஓவரில் அவனுடைய சொந்த நானா துடுப்பெடுத்தாடினார். 'டொக்' என்றது. விரல் உயர்ந்தது. நானா முறைத்துப் பார்த்தார்.

"இது முந்தின சத்தம் இல்ல நானா," என்றான் தம்பி. "இது போல் வந்த நேரத்துச் சத்தம். நீங்க போங்க."

நானா துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.