நாஸ் பெட்டிக்கு நிலையான எண் வேண்டும், தெருவாசல் வேண்டாம்

கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோ, ஆடிட்டர் அலுவலகம், சின்ன கிளினிக், ஏன், பல வீடுகளிலும் இன்று ரவுட்டர் பக்கத்தில் ஒரு நாஸ் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க் செருகி, எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி அது. வாங்கும்போது எத்தனை டெராபைட் என்று கேட்கிறோம். அதற்கு எந்த ஐபி முகவரி, அதை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். உள்வலையில் அதன் எண் மாறக் கூடாது. வெளியிலிருந்து யாரும் நேராக வந்து அதன் கதவைத் தட்டவும் கூடாது. இவற்றில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பாதுகாப்பு பாதியில் நிற்கும்.

ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் டிஹெச்சிபி முறையில் ஓர் எண்ணைக் குத்தகைக்கு விடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும்; உள்வலைகளுக்கென்று 1996-ல் ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கிய எண்களில் ஒன்று. எதிர்வீட்டிலும் அதே 192.168.1.5 இருக்கலாம், இடிக்காது. சிக்கல் குத்தகையில் இருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் சில ரவுட்டர்கள் பழைய கணக்கை மறந்து, முதலில் கேட்ட கருவிக்கு எண்ணைக் கொடுத்துவிடும். நாஸ் எழுந்திருக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கைப்பேசிகளும் சிசிடிவி டிவிஆரும் வரிசையில் முந்திவிடும். நேற்று .5-ல் இருந்த பெட்டி இன்று .9-ல் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஓடும் பேக்கப் பழைய எண்ணைத் தேடித் தோற்றுப்போகும், அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். நாஸ் இணையத்துக்குப் போகக் கூடாது என்று .5-க்குப் போட்ட ஃபயர்வால் தடை டிவிஆரின் தலையில் விழும். நாஸ் தடையே இல்லாமல் நிற்கும்.

அப்படியானால் நாஸின் செட்டிங்கிலேயே ஓர் எண்ணை எழுதிவிடலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் அந்த எண் ரவுட்டர் பங்கிடும் தொகுப்புக்குள் இருந்தால், ஒருநாள் ரவுட்டர் அதையே விருந்தாளியின் கைப்பேசிக்கும் கொடுத்துவிடலாம். ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் நின்றால் இரண்டுமே விட்டுவிட்டு வேலை செய்யும். ரவுட்டரை மாற்றி, புதியது 192.168.0 என்று தொடங்கினாலோ பெட்டி கண்ணிலேயே படாது. பெயரை வைத்துக் கூப்பிடலாமே என்ற வாதமும் உண்டு. மனிதர்களுக்குப் பெயர் போதும். ஃபயர்வால் விதிகளுக்குப் பெரும்பாலும் எண்தான் வேண்டும். ஆகவே ரவுட்டரிலேயே ரிசர்வேஷன் போடுவது மேல். பெட்டியின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் லேபிளில், இரண்டிரண்டாகப் பிரித்த பன்னிரண்டு இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட மேக் முகவரி இருக்கும். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் அதையும், வேண்டிய எண்ணையும் எழுதினால் முடிந்தது. எண்களின் கணக்கு ஒரே இடத்தில் இருக்கும்.

இனி வாசல். உள்வலை எண் வெளியே தெரியாது, அதனால் பெட்டி பத்திரம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பெட்டிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் போட்ட நிமிடமே அது பொய்த்துவிடும். நீங்கள் போடாவிட்டாலும், யுபிஎன்பி இயங்கினால் கருவியே ரவுட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற பணப்பறிப்பு நிரல், இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளின் கோப்புகளைக் கடவுச்சொல் போட்ட 7-ஸிப் கோப்புகளாக்கி 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில், 2015-க்குப் பின் அப்டேட்டே வராத டபிள்யூடி மை புக் லைவ் பெட்டிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொரு பணப்பறிப்பு நிரல் வந்தது. அப்போது கியூநாப் நிறுவனமே, போர்ட் ஃபார்வர்டிங்கையும் யுபிஎன்பியையும் அணையுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ஐபிவி6 வந்த வீட்டில் இன்னொரு கவனம் தேவை: அங்கே ஒவ்வொரு கருவிக்கும் உலகம் அறியும் எண் கிடைக்கும், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் மட்டுமே காவல். அது இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வெளியூரிலிருந்து கோப்பு வேண்டும் என்பவரின் தேவை நியாயமானது. அதற்கு வயர்கார்டு போன்ற விபிஎன் இருக்கிறது. சாவி உள்ள கருவி மட்டும் உள்வலைக்குள் நுழையும். பல இணைப்புகளில் பொது ஐபி-யைப் பல வீடுகள் பகிர்வதால் நேரடி விபிஎன் அமையாது. காசு கொடுத்து நிலையான பொது ஐபி வாங்கினால், அது ரவுட்டருக்கே இருக்கட்டும், அங்கே விபிஎன் மட்டும் இயங்கட்டும். டிஎம்இஸட் என்ற பெயரில் நாஸை வெளியே தள்ளிவிட்டு “இப்போ எல்லாம் வேலை செய்யுது சார்” என்று போகும் டெக்னீஷியனைத் தடுத்துக் கேளுங்கள். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லையும், என்னென்ன திறந்தார் என்ற பட்டியலையும் எழுதி வாங்குங்கள்.

மீறித் தாக்குதல் நடந்தால் முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள். அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். கியூலாக்கர் ஓடிக்கொண்டிருந்தபோதே கவனித்தவர்களால், இயங்கும் 7-ஸிப் கட்டளையிலிருந்து கடவுச்சொல்லை எடுக்க முடிந்தது. பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-ஆம் பிரிவில் தாக்கியவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் உண்டு. நிறுவனமாக இருந்தால், செர்ட்-இன் என்ற அரசு சைபர் பாதுகாப்பு அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவரின் கவனக்குறைவு என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். வணிகத்துக்காகப் பெற்ற சேவை அதில் பொதுவாக அடங்காது, சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துபவருக்கு விலக்கு உண்டு. எப்படியும் பில் கையில் இருக்க வேண்டும். ரவுட்டரை ரீசெட் செய்யுமுன் அதன் லாக்கைப் படமெடுத்து வையுங்கள். அதில் இருப்பவை எண்கள் மட்டுமே. 192.168.1.20 என்றால் நாஸ்தான் என்று ரிசர்வேஷன் சொன்னால், அந்த வரி விசாரணைக்கு உதவும். எண் நாளுக்கொரு கருவிக்குப் போயிருந்தால், தாக்குதல் நடந்த இரவில் அது யாருடையது என்பதையே முதலில் நிறுவ வேண்டியிருக்கும்.