வேலை தேடிப் பினாங்குக்கு வரும் கணினிப் பட்டதாரிகளுக்கு

ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில், லெபோ குவீனில் 1833ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட மகா மாரியம்மன் ஆலயத்தைக் கடந்து லெபோ பாசாருக்குள் நுழைகிறவர், பூக்கடையையும் புடவைக்கடையையும் பணமாற்றுக் கடையையும் பார்த்துக்கொண்டே நடந்தால், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பிழைக்க வந்த பல தலைமுறைத் தமிழர்கள் தம் பாஷையைக் கேட்டு ஆறுதல் பெற்ற வீதிகள் இவையே என்பதை எளிதில் உணர்வார். இன்று அதே வீதிகளில், முதுகில் பையும் பைக்குள் மடிக்கணினியுமாக, பட்டப் பரீட்சை முடிந்த கோடைக்காலத்தில் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வந்திறங்கும் இளம் கணினிப் பட்டதாரியைக் காணலாம். பினாங்கு மலையையும் பார்க்க வேண்டும், முடிந்தால் ஓர் உத்தியோகத்தையும் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1972இல் இன்டெல் நிறுவனம் தொழிற்சாலை அமைத்த பாயான் லெப்பாஸ் இங்கிருந்து காரில் சிறிது நேரப் பயணந்தான். அங்கே எத்தனையோ மின்னணு ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஆகவே அந்த எண்ணத்தில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் ஊரைப் பார்ப்பதற்கும் வேலையில் அமர்வதற்கும் இடையே சட்டம் போட்டிருக்கும் கோடு எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் வருகிறவர்கள் அநேகர். அந்த அறியாமையை மூலதனமாக வைத்து வியாபாரம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமலே மலேசியாவுக்கு வந்து 30 நாட்கள் தங்கலாம் என்ற சலுகை இருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்பினால் போதும். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் இந்த அனுமதி பார்வையாளருக்கு உரியது. இதைக் கொண்டு ஒரு ஸ்தாபனத்தின் அலுவலர்களைச் சந்தித்துப் பேசுவது வேறு, மேசையில் உட்கார்ந்து ஒரு நாளேனும் வேலை செய்வது வேறு. பின்னது குடிநுழைவு விதிகளின்படி குற்றம். கொடுத்த நாட்களுக்கு மேல் தங்கிவிட்டால் 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பாயும். அபராதம் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாது, சிறைவாசம் ஐந்தாண்டு வரை போகலாம். முறையான அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தவருக்கும் அதே சட்டத்தின் 55பி பிரிவில், ஒவ்வோர் ஆளுக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. “இங்கே எல்லோரும் இப்படித்தான் தம்பி ஆரம்பிக்கிறார்கள், பெர்மிட் பிறகு போட்டுக்கொள்ளலாம்” என்று சொல்லும் முதலாளி, அந்த இளைஞரைக் குற்றவாளியாக்குவதோடு, பின்னர் சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் அவர் வாய் திறக்க முடியாதபடி முன்கூட்டியே கட்டிப்போடுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

முறையான வழி என்னவென்றால், வேலை தரும் ஸ்தாபனமே உள்நாட்டுச் சம்பிரதாயங்களை முடித்துக் குடிநுழைவுத் துறையிடம் உத்தியோக அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்தபின் அதற்குரிய விசாவைப் பெற்றுக்கொண்டு ஆள் வந்து சேர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, “நீ முதலில் வந்துவிடு” என்று எவர் சொன்னாலும், அவர் சொந்த ஊர்க்காரராயினும் உறவினராயினும், ஒப்பந்தத்தின் நகலையும் ஸ்தாபனத்தின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் அந்த எண் இருக்கிறதா, அதே பெயரில் இருக்கிறதா என்று பார்ப்பது எவராலும் செய்யக்கூடிய காரியம். பிற நாட்டு ஸ்தாபனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு, 2022இல் தொடங்கிய டிஇ ராந்தாவ் என்னும் தனி அனுமதி இருக்கிறது. ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர் வருமானத்தைக் காட்ட முடிந்த கணினித் துறையினருக்கே அது பயன்படும். வேலையே இல்லாமல் வருகிற புதுப் பட்டதாரிக்கு அது வழியாகாது.

இடைத்தரகர்களின் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில், கொடுத்த முன்பணமே தொழிலாளியின் காலில் தளையாயிற்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னும் கடனின் பிடி தளரவில்லை. இன்றைய ஏஜெண்ட் கணினிப் பட்டதாரியிடம் லட்சக்கணக்கில் வாங்கும்போது கடன் எதிர்த்திசையில் ஓடுவதுபோலத் தோன்றினாலும், நிலத்தையும் தாயின் நகையையும் அடகு வைத்து வந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்ப முடியாமல் நிற்கும் நிலை ஒன்றே. 1983ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டி வரியுமே. அதற்கு ரசீதும் தர வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியலை இ-மைகிரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஆயினும் இச்சட்டத்தை மீறுகிறவனுக்கு 24ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் 2,000 ரூபாய் வரையே என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது. சிறைவாசம் இரண்டாண்டு வரை உண்டு என்றாலும், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைப் பறிப்பவனுக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டா?

இன்னொரு விசித்திரமும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய கடவுச்சீட்டில் இ.சி.ஆர். என்ற எழுத்துகள் இருக்கும். மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போவதானால் சர்க்கார் அவருடைய ஒப்பந்தத்தைப் பரிசீலித்து அனுமதி கொடுத்தாக வேண்டும். பட்டதாரியின் கடவுச்சீட்டில் அந்த எழுத்துகள் இரா. ஆகவே அவருடைய ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்பட்ட விலக்கு இது. அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்த்தது என்பதை மியாவாடி காட்டிற்று.

2022ஆம் ஆண்டு, தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை உத்தியோகம் என்ற விளம்பரத்தை நம்பித் துபாயிலுள்ள தரகர்கள் மூலமாகவும் இந்தியத் தரகர்கள் மூலமாகவும் போன கணினி இளைஞர்கள், எல்லையைக் கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டார்கள். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் நட்புக் கொண்டாடிப் பணம் பறிப்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. மறுத்தவர்கள் அடியும் பட்டினியும் அனுபவித்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வெளியுறவு அமைச்சகம் செப்டம்பர் 24 அன்று எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். அதோடு முடிந்துவிடவில்லை. 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து ஏற்றி வந்தன. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேர் இப்படிப் பலவந்தமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் கணக்கிட்டது.

இந்த மோசடிக்காரர்களின் நேர்முகத் தேர்வு எளிதாக இருக்கும். தட்டச்சு வேகத்தைப் பார்ப்பார்கள், உடனே பெரிய சம்பளம், ஹோட்டல் அறை, போக வர விமான டிக்கெட் என்று வாக்களிப்பார்கள். நிரல் எழுதத் தெரியுமா என்று கேட்காமலே நிரலாளருக்கு உத்தியோகம் தருகிறவரைச் சந்தேகிப்பதே விவேகம். பினாங்கில் சுற்றிக்கொண்டிருக்கும் இளைஞரிடம், தலைமை அலுவலகம் தாய்லாந்திலோ லாவோஸிலோ இருக்கிறது, ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வரலாம், காரில் அழைத்துப் போகிறோம் என்று யாராவது சொன்னால், அந்தக் காரில் ஏறவே கூடாது.

மலேசியாவிலேயே முறையாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் சில உரிமைகள் தெரிந்திருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வேலையை வரையறுக்கிறது. சம்பள காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். கடவுச்சீட்டை, “பத்திரமாக இருக்கட்டும்” என்று முதலாளி வாங்கிப் பூட்டி வைப்பது வழக்கமாகவே நடக்கிறது. பிறருடைய கடவுச்சீட்டைச் சட்டபூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். அசல் பட்டச் சான்றிதழையும் ஒருபோதும் கையை விட்டுக் கொடுக்கலாகாது; நகல் போதும். மேலும், ஆள் கடத்தலுக்கு ஆளானவர், அந்தக் கடத்தலின் நேர் விளைவாகவே அனுமதியின்றி நுழைந்தோ தங்கியோ இருந்தால், அதற்காக அவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று 2007ஆம் ஆண்டு ஆள் கடத்தல் தடைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. போலீசுக்குப் போனால் தாமே சிறைக்குப் போவோம் என்று அஞ்சி மௌனமாய் இருப்பவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

ஆபத்து நேர்ந்தவர் மலேசியாவில் 999 என்ற எண்ணை அழைக்கலாம். கோலாலம்பூரிலுள்ள இந்திய உயர் ஆணையத்தை அணுகலாம். மதத் என்ற தளத்தில் வெளியுறவு அமைச்சகத்துக்குப் புகார் பதியலாம். ஊரிலுள்ள பெற்றோர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் எழுதலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற இந்திய சைபர் குற்ற எண்ணுக்குத் தாமதமின்றிச் சொல்லலாம். கடவுச்சீட்டின் நகல், தரகரோடு நடந்த பேச்சின் பதிவு, பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றைப் புறப்படுவதற்கு முன்னரே வீட்டாரிடம் கொடுத்து வைத்தால் புகாருக்கு வலு சேரும். பிள்ளையிடமிருந்து சில நாட்களாகப் பேச்சில்லை என்றால், ஊரார் என்ன நினைப்பார்களோ என்று தயங்கிக் காலத்தைக் கடத்தாமல், அன்றைக்கே காவல் நிலையத்துக்குச் சென்று எழுத்துமூலம் புகார் கொடுத்து அதன் ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.