ஊருக்கு ஒரே கடை



அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலினா மாநிலத்தில், நியூஸ் ஆற்றங்கரையில் ஓரியண்டல் என்றொரு சிற்றூர் உள்ளது. ஏறக்குறைய 900 பேர் வாழும் ஊர். பாய்மரப் படகுகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே ஒரு மளிகைக் கடை 44 ஆண்டுகளாக நடந்து வந்தது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் வால்மார்ட் நிறுவனம் அதே ஊரில் 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் தன் கிளை ஒன்றைத் திறந்தது. புதிய கட்டடம், குறைந்த விலை, உள்ளேயே மருந்துக்கடை. மக்கள் அங்கே போகத் தொடங்கினர். 2015 அக்டோபரில் பழைய மளிகைக் கடை மூடப்பட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால், உலகெங்கும் நடப்பதுதானே என்று நாம் கடந்து போயிருக்கலாம். ஆனால் மூன்றே மாதங்களில், 2016 ஜனவரி 15 அன்று, வால்மார்ட் அமெரிக்காவில் 154 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. 'எக்ஸ்பிரஸ்' கடைகள் 102-உம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஓரியண்டல் கடையும் அவற்றில் ஒன்று. இரண்டு கடைகள் இருந்த ஊரில் இப்போது மளிகைக் கடையும் இல்லை, மருந்துக்கடையும் இல்லை என்ற நிலை வந்தது.

இது யார் செய்த தவறு? பழைய கடையை மூடிவிடுங்கள் என்று அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுச் செலவைக் குறைக்கவே நினைத்தார்கள். அப்படியிருந்தும் கடை மூடப்பட்டது. இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

சிற்றூர்களைத் தேடி வந்த நிறுவனம்

சாம் வால்டன் என்பவர் 1962-ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று, ஆர்கன்சா மாநிலத்தின் ரோஜர்ஸ் என்ற சிறு நகரில் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தார். பெரிய நிறுவனங்கள் மாநகரங்களையே நாடிக்கொண்டிருந்த காலம் அது. வால்டனோ, மற்றவர்கள் கண்டுகொள்ளாத சிறு நகரங்களைத் தேடிப் போனார். ஓரிடத்தில் பெரிய கிடங்கு அமைத்து, அங்கிருந்து ஒரே நாளில் லாரி போய்ச் சேரும் தூரத்துக்குள் அடுத்தடுத்துக் கடைகளைத் திறந்தார். 1988-இல் மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் நகரில் துணிமணி, வீட்டுச் சாமான்களோடு மளிகை, காய்கறி, இறைச்சி எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் 'சூப்பர்சென்டர்' உருவானது. 2000-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் மிக அதிகமாக மளிகை விற்கும் நிறுவனமாக அது வளர்ந்துவிட்டது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் கென்னத் ஸ்டோன், 1980-களின் பிற்பகுதியிலிருந்து அம்மாநிலத்தின் சிறு நகரங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர் கண்டது ஒருதலைப்பட்சமான முடிவு அன்று. வால்மார்ட் வந்த நகரின் மொத்த விற்பனை கூடியது. வெளியூர்களிலிருந்தும் மக்கள் வந்ததால், உணவகங்களும் வால்மார்ட் விற்காத பொருள்களை விற்ற கடைகளும் பயனடைந்தன. அதே பொருள்களை விற்ற கடைகளோ சரிந்தன. எல்லாரையும்விட அதிகம் இழந்தவை, வால்மார்ட் வராத அண்டைச் சிற்றூர்களே. அந்த ஊர் மக்கள் காரில் ஏறிப் பக்கத்து நகருக்குப் போனார்கள். அவர்கள் ஊர்க் கடைகள் வாடிக்கையாளர் இன்றி நின்றன.

பாதிப் பேர் வந்தாலும் போதாது

சிறு கடை நிலைத்து நிற்க, ஊரில் பாதிப் பேர் வந்தாலே போதும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை வேறு. மளிகை வணிகத்தில் நூறு ரூபாய்க்கு விற்றால் செலவுபோக மிஞ்சும் ஆதாயம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று ரூபாய்தான். வாடகை, குளிர்பதனப் பெட்டிகளுக்கான மின்கட்டணம், பணியாளர் கூலி ஆகியவை விற்பனை குறைந்தாலும் குறைவதில்லை. ஆகவே பத்து வாடிக்கையாளரில் இருவர் வேறிடம் போனாலே கடை நட்டத்தில் விழுந்துவிடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கக் கிராமப்புறக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த விற்பனையாளர்கள், வாரத்துக்கு இவ்வளவு கொள்முதல் செய்தால்தான் லாரி வரும் என்று வரம்பு வைக்கிறார்கள். விற்பனை அந்த வரம்புக்குக் கீழே போனால் லாரி நின்றுவிடும். லாரி நின்றால் அலமாரி காலியாகும். காலியான அலமாரியைப் பார்த்து, எஞ்சியிருந்த வாடிக்கையாளரும் போய்விடுவர். கார் ஓட்ட இயலாத முதியவர்களும் கார் வாங்க வசதியற்ற ஏழைகளும்தான் கடைசிவரை அந்தக் கடையை நம்பி இருப்பவர்கள். கடை மூடப்படும் நாளில் முதலில் துன்புறுவோரும் அவர்களே.

பெரிய நிறுவனம் எப்படிக் குறைந்த விலையில் விற்கிறது? திறமையான கிடங்குகளும் கணினிக் கணக்குகளும் ஒரு காரணம். அதை மறுப்பதற்கில்லை. மற்றொரு காரணம், மிக அதிகமாக வாங்குபவர் விலையைத் தாமே நிர்ணயிக்க முடிகிறது என்பது. உற்பத்தியாளர் பெரியவருக்கு விட்டுக்கொடுத்ததைச் சிறியவரிடம் ஈடுகட்டப் பார்க்கிறார். இப்படி வலியோருக்குத் தனிச் சலுகை தரக்கூடாது என்று அமெரிக்கா 1936-ஆம் ஆண்டிலேயே ராபின்சன்–பாட்மேன் சட்டம் இயற்றியது. ஆனால் 1980-களுக்குப் பின் அரசு அந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் பயன்படுத்தாமலே விட்டுவிட்டது.

தேர்வு என்பது எது?

பெரிய கடைக்குள் நுழைந்தால் நம் கண்முன் ஆயிரக்கணக்கான பொருள்கள். சோப்பில் மட்டும் எத்தனை வகை! தேர்ந்தெடுக்கும் உரிமை பெருகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் அந்த அலமாரியில் எது இருக்க வேண்டும், என்ன விலைக்கு விற்க வேண்டும், அந்தக் கடையே இந்த ஊரில் இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் தொலைவிலுள்ள ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது. உள்ளூர்த் தன்னிறைவுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 43 மாநகரப் பகுதிகளிலும் 160 சிறு நகரப் பகுதிகளிலும் மக்கள் மளிகைக்குச் செலவிடும் பணத்தில் பாதியோ அதற்கு மேலோ வால்மார்ட்டுக்கே போனது. ஓர் ஊரின் உண்மையான தேர்வு, அலமாரியில் உள்ள வகைகளின் எண்ணிக்கை அன்று. 'இங்கே பிடிக்கவில்லை என்றால் அங்கே போவோம்' என்று சொல்ல இன்னொரு கடை இருப்பதே தேர்வு.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மெக்டவல் மாவட்டம் இதற்கு வேதனையான சான்று. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த அம்மாவட்டத்தில் 1950-இல் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்தனர். 2020-இல் இருபதாயிரத்துக்கும் குறைவு. அங்குள்ள கிம்பல் என்ற ஊரில் 2005-இல் வால்மார்ட் வந்தது. 2016-இல் போய்விட்டது. மக்கள் இழந்தது பொருள் வாங்கும் இடத்தை மட்டும் அன்று. ஏறக்குறைய 140 பேர் வேலை இழந்தனர். அந்த ஊரில் ஏழைகளுக்கு உணவு வழங்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஐந்து அப்பமும் இரண்டு மீனும்'. விற்காமல் மிஞ்சிய உணவுப் பொருள்களை அந்தக் கடை இந்த அமைப்புக்குக் கொடுத்து வந்தது. கடை போனபோது அதுவும் நின்றது. எல்லாவற்றுக்கும் ஒரே கடையை நம்பியிருந்தால், அது போகும்போது எல்லாமே போய்விடுகிறது.

ஊர் கூடித் திறந்த கடை

இதற்கு மாற்றே இல்லையா? கான்சஸ் மாநிலத்தில் செயின்ட் பால் என்ற ஊர் உள்ளது. 1847-இல் இயேசு சபைத் துறவியர் தொடங்கிய மறைப்பணித் தளத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. மக்கள்தொகை ஏறக்குறைய 600. அங்கிருந்த மளிகைக் கடை 1985-இல் மூடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் வெளியூர் போய்த்தான் பொருள் வாங்கினர். பின்னர் ஊர் வளர்ச்சிக் குழுவினர் கைகோத்து, 2008-இல் தாங்களே ஒரு கடையைத் திறந்தனர். சில ஆண்டுகளில் ஊராட்சியே அதைத் தன் பொறுப்பில் ஏற்றது. குடிநீர், சாலை போல உணவுக் கடையும் ஓர் ஊருக்கு அடிப்படைத் தேவை என்று அந்த மக்கள் உணர்ந்தார்கள். ஆனால் அதை உணர்ந்து செயல்பட இத்தனை ஆண்டுகள் ஆயின.

நாம் என்ன செய்வோம்?

வால்மார்ட் நமக்கும் அந்நியமன்று. 2012-இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை நடுவண் அரசு அனுமதித்தபோது, தமிழக அரசு அதை எதிர்த்தது. 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு ஃபிளிப்கார்ட் நிறுவனத்தின் 77 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. கடை நம் தெருவுக்கு வரவில்லை, நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

குறைந்த விலையில் வாங்கும் குடும்பத்தைக் குறைசொல்வது நம் நோக்கம் அன்று. கூலி வேலை செய்பவருக்குப் பத்து ரூபாய் மிச்சமும் பெரிது. அண்ணாச்சி கடைகளில் குறைகளே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் எழுதிய சமூகச் சுற்றுமடலில், பொருள் வாங்குவது வெறும் பொருளாதாரச் செயல் அன்று, அது எப்போதுமே ஓர் அறநெறிச் செயல் என்று நினைவூட்டினார். நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு கடை திறந்திருக்க உதவுகிறது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் வாங்காமல், அரிசியையோ எண்ணெயையோ காய்கறியையோ நம் தெருக் கடையில் தவறாமல் வாங்கலாம். நம் வீட்டுக்கு அது சிறு தொகை. பத்தில் இருவர் போனாலே தள்ளாடும் கடைக்கு, அந்த இருவரும் திரும்பி வருவது பெரிது. நடக்க முடியாத நம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நாளையும் அந்தக் கடை திறந்திருக்க வேண்டுமே! சிந்திப்போம், செயல்படுவோம்.